புகைபோக்கியில் படியும் பிசின்

மலைப்பகுதிகளிலிருந்து நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வருவோரில், புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத பெண்களும் உளர். பல்லாண்டுகள் விறகடுப்பின் புகையைச் சுவாசித்ததே அவர்களுள் பலருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரக் காரணமாகும். "எங்கள் வீட்டில் புகைபோக்கி உள்ளதே!" என்று சிலர் வியப்பர். புகைபோக்கி இருந்தால் மட்டும் போதாது. அதன் உட்புறம் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும்.

ஈர விறகு எரியும்போது, வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. தீ தணிந்து, முழுமையாக எரியாத வாயுக்கள் மேலெழுகின்றன. குளிர்ந்த குழாய்ச் சுவரில் அவை தார் போன்ற கரிய பிசினாகப் படிகின்றன. இதனைக் கிரியோசோட் என்பர். இப்படிவு எளிதில் தீப்பற்றக்கூடியது. மேலும், புகை செல்லும் வழியைக் குறுக்கி அதனை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். அப்புகையில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு கலந்துள்ளது. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும்.

தடுக்கும் முறைகள்:

1. விறகைப் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கிக் குறைந்தது 6 மாதங்கள் உலர்த்துங்கள். நன்கு உலர்ந்த விறகின் முனைகளில் வெடிப்புகள் தெரியும்; இரு கட்டைகளைத் தட்டினால் கணீரென ஒலிக்கும்.

2. தீ சிறிதாயினும் சுடர்விட்டு எரியட்டும். இரவு முழுவதும் கனன்று புகையுமாறு காற்றுவழியை அடைத்து வைக்காதீர்கள்.

3. நெகிழிப் பொருள்களையும் வண்ணம் பூசிய மரத்தையும் எரிக்காதீர்கள்.

4. ஆண்டுதோறும் குளிர்காலத்திற்கு முன் புகைபோக்கியைத் தூய்மை செய்யுங்கள். படிவு 3 மில்லிமீட்டர் தடித்திருந்தால் காலம் தாழ்த்த வேண்டா.

நுரையீரல் நோயாளர் இப்பணியைச் செய்தல் கூடாது. செய்பவர் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பணி முடிந்ததும் சோப்பிட்டுக் குளிக்க வேண்டும். புகைபோக்கி துப்புரவாளர்களுக்கு விதைப்பையில் தோன்றிய புற்றுநோயைப் புகைக்கரியுடன் தொடர்புபடுத்தி, லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார்.

அடுப்பு எரியும் வேளையில் வீட்டிலுள்ள பலருக்கும் ஒருசேரத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால், அனைவரும் உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள். வெளிக்காற்றில் நலமானதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் காணாமல் இருந்துவிடாதீர்கள்.

நோயாளரைப் பேணுவோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது, மருந்துச் சீட்டுடன் உங்கள் சமையலறையைப் பற்றிய செய்தியையும் கொண்டு வாருங்கள். புகை வீட்டினுள் தங்குகிறதா என்பதை அறியாமல், இருமலுக்கு மருந்து மட்டும் தருவது பாதி மருத்துவமே ஆகும்.