கிரையானிக்ஸ் பேச்சில் சிரிப்பை எங்கே வைப்பது?

கிரையானிக்ஸ் பற்றிப் பொதுமேடையில் பேசப் போகிறவர், கூட்டத்தில் எப்படியும் கிளம்பப் போகும் கேலியை முந்திக்கொண்டு தாமே சொல்லிவிட வேண்டும். எதிர்கால மருத்துவம் எழுப்பிவிடும் என்ற நம்பிக்கையில், இறந்தவர் உடலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துக் காத்திருக்கும் ஏற்பாடு இது. 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு உடலில் தொடங்கி இன்றுவரை ஒருவரும் எழுந்ததில்லை. இதை மழுப்பினால் பின்வரிசைக்காரர் கேட்டுவிடுவார். சிரிப்பு உங்கள் மேல் விழும். “இங்கே சேர்ந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை” என்று நீங்களே சொன்னால் சிரிப்பும் வரும், உண்மையும் வந்துவிடும். நகைச்சுவைக்கு இங்கே இருக்கும் ஒரே நியாயம், நேராகச் சொன்னால் கசக்கும் தகவலை அது சுமந்து வர வேண்டும் என்பதுதான்.

அடுத்து, வேலை நடக்கும் விதத்திலேயே வேடிக்கையைத் தேடுங்கள். அரிசோனாவின் ஆல்கோர் நிறுவனத்தில் உடல்களைத் தலைகீழாகத்தான் நிறுத்துகிறார்கள். அரங்கம் சிரிக்கட்டும், அடங்கியதும் காரணத்தைச் சொல்லுங்கள். கலனில் நைட்ரஜன் குறைந்தால் மேல்பக்கம்தான் முதலில் சூடேறும். கால் கெட்டாலும் மூளை தப்பட்டும் என்ற கணக்கு அது. மூளைதான் மனிதன் என்ற அவர்களின் மொத்தக் கொள்கையும் அந்த ஒரு காட்சியில் புரிந்துவிடுகிறது. “கரண்ட் போனால்?” என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். அது ஃப்ரிட்ஜ் அல்ல, வெற்றிடச் சுவர் கொண்ட பெரிய ஃபிளாஸ்க். ஆவியாகும் நைட்ரஜனை அவ்வப்போது ஊற்றினால் போதும்.

சிரித்தால் விஷயம் மலிந்துவிடும் என்று ஆதரவாளர்கள் அஞ்சுகிறார்கள். பாதி உண்மைதான். கொலராடோவின் நெதர்லாந்து என்ற மலையூரில், பிரெடோ மோர்ஸ்டோல் என்ற நார்வேக்காரரின் உடலைப் பேரன் ஒரு கொட்டகையில் உலர்பனியில் வைத்திருந்தது வெளியே தெரிந்ததும், வீட்டில் பிணம் வைக்கக் கூடாது என்று ஊர் சட்டம் போட்டது. அவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 2002-இல் அவர் பெயரைச் சொல்லி விழாவே எடுத்தார்கள். ஆளைச் சவப்பெட்டியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயமும் உண்டு. அருவருப்பு போய்விட்டது, சரி. ஆனால் உலர்பனி மைனஸ் 78 டிகிரிதான், நெடுங்காலப் பாதுகாப்புக்கு அது போதாது என்பதைச் சவப்பெட்டிப் பந்தயம் சொல்லித் தராது. சிரிப்பு சகிப்பைத் தந்தது. தகவல் ஏறாததால் புரிதலைத் தரவில்லை. குறை சிரிப்பில் இல்லை, அதை வெறுங்கையோடு அனுப்பியதில் இருக்கிறது.

கடைசியாக, நிறுத்தும் இடம். 1970-களில் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறையில் உறையவைத்திருந்த உடல்கள், பணம் தீர்ந்ததும் உருகி அழுகின. குடும்பங்களுக்கு அது மறைக்கப்பட்டது. அதை வைத்து ஜோக் அடிக்காதீர்கள். மறைக்கவும் வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தன் உடலை இப்படி உறையவைக்க வேண்டும் என்று கேட்டு 2016-இல் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போன, புற்றுநோயால் இறந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கும் அப்படியே. கேள்வி கேட்பவர் அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர் என்று குரலில் தெரிந்தால், அந்த நொடியே வேடிக்கையை விட்டுவிட்டுக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: மிச்சிகனில் உள்ள நிறுவனத்தில் முழு உடலுக்குக் குறைந்தபட்சம் 28,000 டாலர், ஆல்கோரில் அதைப்போலப் பல மடங்கு, எழுவதற்கு உத்தரவாதம் எங்கேயும் கிடையாது.