டாக்டர் சீட்டும் போக்குவரத்துச் சலானும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க நூலகத்தில் அன்பர் ஒருவர் என்னிடம் இரண்டு காகிதங்களை நீட்டினார். ஒன்று, ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டியதற்குப் போக்குவரத்துப் போலீஸ் கொடுத்த சலான். மற்றொன்று, கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பதால் தலையில் பாரம் ஏற்றக்கூடாது என்று அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு.

"இதைக் காட்டினேன் ஸார். அந்த ஆள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கோர்ட்டில் காட்டினால் தள்ளுபடி ஆகிவிடும், இல்லையா?" என்று கேட்டார்.

இதே நம்பிக்கையில் டாக்டர் சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுபவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

விலக்கு தருவது யார்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். விலக்கு என்பது சட்டத்திலோ, அதன்கீழ் அரசு செய்யும் விதியிலோ, அறிவிக்கையிலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். டாக்டர் நம் உடல்நிலையைச் சொல்லலாம். சட்டத்திலிருந்து நமக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஹெல்மெட்டைப் பற்றியது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் அது பொருந்தும். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. தில்லியில் முன்பு பெண்கள் அனைவருக்கும் விலக்கு இருந்தது. 2014-ல் அது சீக்கியப் பெண்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2019-ல் திருத்தி எழுதப்பட்ட 129-ஆவது பிரிவில் நோய்க்கென்று எந்த விலக்கும் இல்லை.

சீட் பெல்ட்டும் அப்படியே. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதி ஓட்டுநர், முன் இருக்கைக்காரர், முன்னோக்கிய பின் இருக்கைகளில் அமர்பவர்கள் எல்லோரும் பெல்ட் போட வேண்டும் என்கிறது. பிரிட்டனில் டாக்டர் முறைப்படி ஒரு விலக்குச் சான்றிதழ் கொடுக்க வழி உண்டு. அங்கிருந்து வரும் உறவினர் சொல்வதைக் கேட்டு, இங்கும் அப்படி இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. அங்கேகூடக் கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக விலக்குக் கிடையாது. இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தோள் பட்டை மார்பின் நடுவே வரும்படி போட்டுக்கொள்வதுதான் கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பு.

மருத்துவக் காரணத்துக்கு உண்மையான விலக்கு எப்படி இருக்கும் என்பதற்குத் தில்லியிலேயே உதாரணம் உண்டு. 2016 ஜனவரி 1 முதல் 15 வரை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் திட்டம் நடந்தபோது, அவசர சிகிச்சைக்குச் செல்லும் வண்டிகளுக்கும் மாற்றுத்திறனாளிகள் பயணம் செய்யும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டென்று அரசே அறிவித்திருந்தது. அப்போது ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு மதிப்பு இருந்தது. விலக்கை அரசு கொடுத்தது. நாம் அதற்குள் வருகிறோம் என்பதைச் சீட்டு காட்டியது.

இருபுறமும் வெட்டும் கத்தி

ஹெல்மெட் குற்றத்துக்கு 194-டி பிரிவின்படி அபராதம் ஆயிரம் ரூபாய். அத்துடன் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே பணம் மட்டும்தானே என்று அலட்சியமாக இருக்கமுடியாது.

நம் அன்பரின் சீட்டில் இன்னொரு வரியும் இருந்தது: கழுத்தைத் திருப்புவதில் சிரமம் உள்ளது. இதைக் கோர்ட்டில் கொடுத்தால் என்ன கேள்வி வரும்? "கழுத்தைத் திருப்ப முடியாதவர் ஸ்கூட்டர் ஓட்டலாமா?" என்று கேட்பார்கள். நோயாலோ ஊனத்தாலோ ஒருவர் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அவருடைய லைசென்ஸை ரத்து செய்ய 16-ஆவது பிரிவு லைசென்ஸ் அதிகாரிக்கு இடம் தருகிறது. ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றப் போய் லைசென்ஸையே கேள்விக்குள்ளாக்கும் காகிதத்தை நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா?

அவசரம் என்ற நியாயம்

அப்படியானால் மருத்துவக் காரணத்துக்குக் கோர்ட்டில் இடமே இல்லையா? உண்டு, ஆனால் குறுகிய இடம். பெரிய தீங்கைத் தடுப்பதற்காக, குற்ற எண்ணமில்லாமல், நல்லெண்ணத்துடன் செய்த காரியத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 19-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 81-ஆவது பிரிவு. இத்தகைய பொது விலக்குகளை மற்றச் சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களுக்கும் எடுத்துச் சொல்லலாம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். இரவு இரண்டு மணிக்கு வீட்டில் மாமியாருக்கு நெஞ்சுவலி. மாப்பிள்ளை காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைகிறார். ஆளரவமற்ற நாற்சந்தியில் நின்று பார்த்துவிட்டு, சிவப்பு விளக்கைத் தாண்டுகிறார். சில நாள் கழித்து, காமிரா படத்துடன் சலான் வருகிறது. சலானில் நேரம் 2.14, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் சீட்டில் நேரம் 2.25. இந்த இரண்டு காகிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவருக்காகச் சாட்சி சொல்கின்றன. இது எதிர்த்து வாதாடத் தகுந்த வழக்கு. தீர்ப்பு நீதிபதியின் கையில் இருந்தாலும், சொல்வதற்கு நம்மிடம் நியாயம் இருக்கிறது. அதே மாப்பிள்ளை திரும்பி வரும்போது இன்னொரு விளக்கைத் தாண்டியிருந்தால் அதற்கு இந்த நியாயம் செல்லாது.

விலக்குக் கோருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். போலீஸ் நமக்காக ஆஸ்பத்திரியில் விசாரிக்காது.

எதிர்க்கும் முறை

1. பணம் கட்டுமுன் முடிவு செய்யுங்கள். கட்டிய பின் எதிர்த்து வாதாட வழக்கு இருக்காது. சலானில் உள்ள வண்டி எண், இடம், நேரம், பிரிவு ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

2. தில்லியில் 2019 முதல் சலான்களுக்கென்று இணையவழி நீதிமன்றம் இயங்குகிறது. அங்கே அபராதம் கட்டலாம், அல்லது எதிர்ப்பதாகப் பதிவு செய்யலாம். எதிர்த்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போகும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. சலானில் கண்ட கெடுவைத் தவறவிடாதீர்கள்.

3. சம்பவத்தன்று உண்டான காகிதங்களே பேசும். அவசரப் பிரிவுச் சீட்டு, ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். சலான் வந்தபின் தெரிந்த டாக்டரிடம் வாங்கும் சீட்டுக்கு மதிப்புக் குறைவு. பொய்ச் சீட்டு என்றால், கொடுத்தவர், பயன்படுத்தியவர் இருவருமே குற்றவாளிகள்.

4. ஹிந்தி சரளமாக வராதவர்கள் தயங்க வேண்டாம். நடந்ததை ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில், நேரப்படி எழுதிக் கொடுங்கள்.

5. குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை கேட்பது வேறு. குற்றமே இல்லை என்று வாதாடுவது வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். லைசென்ஸ் பறிபோகும் நிலை இருந்தால் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

நூலகத்தில் கேட்ட அன்பர் கடைசியில் சலானை எதிர்க்கவில்லை. டாக்டரிடம் மறுபடி போய், "ஹெல்மெட் போடலாமா என்று கேட்கவில்லை, நான் ஸ்கூட்டர் ஓட்டலாமா, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டாராம். கழுத்து சரியாகும்வரை வேண்டாம் என்று பதில் வந்தது. இப்போது ஆபீசுக்கு மெட்ரோவில் போகிறார். ஹெல்மெட் தாங்காத கழுத்து, விழுந்தால் சாலையை எப்படித் தாங்கும்? இதை அவர் தாமாகவே சொன்னார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.