ஃபிரட்டர்னிட்டி: சினிமா சொன்னதும் சொல்லாததும்

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த வீடுகளில் முதல் ஆண்டே ஒரு பஞ்சாயத்து வரும். “ஃபிரட்டர்னிட்டியில் சேரப்போறேன்பா” என்பான் மகன். மகளென்றால் சொராரிட்டி. அப்பாவின் கண்முன் ஹாலிவுட் படத்துக் குடிகாரக் கும்பல் வந்து நிற்கும். அங்கேயே வளர்ந்த அக்கா மகன், “விடுங்க மாமா, நாளைக்கு வேலைக்கு அதுதான் கைகொடுக்கும்” என்பான். அம்மாவுக்கோ ராகிங் பயம். மூன்று பேர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்தக் கொஞ்சம் என்பதில்தான் குழப்பம்.

இவை கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள். ஆண்களுக்கு ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொராரிட்டி. பெரிய சங்கங்களுக்கு நாடெங்கும் சாப்டர் எனப்படும் கிளைகள் உண்டு. பல கிளைகளுக்குச் சொந்த வீடும் உண்டு. பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கானவை என்பதால், எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

நம்பிக்கை: அது குடித்துக் கூத்தடிக்கும் கூட்டம், வேறொன்றுமில்லை

இந்தப் பெயருக்குப் பெரும் பொறுப்பு 1978-ல் வந்த ‘அனிமல் ஹவுஸ்’ படத்துக்கு. குடி இல்லை என்று நான் சொல்லவரவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1825-ல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சங்கம்தான் இன்றைய ஃபிரட்டர்னிட்டிகளுக்கு முன்னோடி. வெள்ளையர் சங்கங்களின் கதவு மூடியிருந்த காலத்தில், 1906-ல், கார்னெல் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1913-ல் பிறந்த டெல்டா சிக்மா தீட்டா மாணவிகள் முதலில் செய்த பொதுக்காரியம், அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைக்காக நடந்த பேரணியில் நடந்துபோனதுதான். அதே ஹோவர்டில் 1908-ல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்தான் நம் துளசேந்திரபுரத்துக் கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ் சேர்ந்தார். அவர் தேர்தலில் நின்றபோது அந்தச் சகோதரிகள் நாடு முழுக்கத் திரண்டதை உலகமே பார்த்தது. கறுப்பினச் சங்கங்களில் உறுப்பினர் உறவு பட்டம் வாங்கியதோடு அறுந்துபோவதில்லை.

அதே பிணைப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. அலபாமா பல்கலைக்கழகத்தில் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பின மாணவிகளை ஒதுக்குவதை 2013-ல் அங்குள்ள மாணவர் பத்திரிகையே அம்பலப்படுத்தியது. கிளையில் இருந்த மாணவிகள் சேர்த்துக்கொள்ள விரும்பியும் முன்னாள் மாணவிகள் குறுக்கே நின்றார்கள் என்பதுதான் அந்தச் செய்தியின் உறுத்தலான பகுதி.

நம்பிக்கை: சொராரிட்டி வீட்டில் மது கிடையாது, காரணம் ஒரு பழைய சட்டம்

இத்தனை பெண்களுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தால் அதை விபசார விடுதியாகக் கருதும் சட்டம் இருக்கிறதாம்! ஏறக்குறைய எல்லாக் கல்லூரி ஊர்களிலும் இந்தக் கதை உலவுகிறது. அப்படி ஒரு சட்டத்தை யாரும் இதுவரை எடுத்துக் காட்டியதில்லை. மதுவுக்குத் தடை போட்டவை சொராரிட்டிகளின் சொந்த விதிகள்.

இதன் பின்விளைவைத்தான் பெண்ணைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டும். பெண்கள் வீட்டில் மது இல்லை என்றால் பார்ட்டி ஆண்கள் வீட்டில் நடக்கும். வாசலில் நிற்பவன், கோப்பையில் ஊற்றுபவன், மாடி அறைச் சாவி வைத்திருப்பவன் எல்லாரும் ஆண்கள். மகளின் வீட்டில் மது இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நம்பிக்கை: சேர்ந்தால் வேலை உறுதி

இதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன அதே யூனியன் கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர்கள் தங்கள் பழைய மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்த ஆண்களின் சராசரி மதிப்பெண், 4 புள்ளி அளவில் சுமார் 0.25 குறைந்தது. பிற்கால வருமானமோ ஏறத்தாழ 36 சதவீதம் கூடியது. படிப்பில் விட்டதைப் பழக்கத்தில் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் அது ஒரே ஒரு சிறிய தனியார் கல்லூரியின் கணக்கு. முதலீட்டு வங்கி, வழக்கறிஞர் தொழில், விற்பனை, அரசியல் என்று ஆள்பழக்கத்தில் ஓடும் துறைகளில் இந்தத் தொடர்பு உதவும். கோடிங் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் இடத்தில், சீனியர் ஒரு பரிந்துரை போடுவார். தேர்வை உங்கள் மகன்தான் எழுத வேண்டும். செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்: சந்தா, வீட்டு வாடகை, உடை, சில இடங்களில் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம்.

நம்பிக்கை: ஹேசிங் என்பது நம் ஊர் ராகிங்தான்

சிதம்பரத்தில் 1996-ல் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதனால் இந்த ஒப்பீடு நமக்குச் சட்டென்று வருகிறது. ஆனால் ராகிங்கில் மாட்டுகிறவன் விரும்பிப் போவதில்லை, தப்பிக்கப் பார்க்கிறான். சங்கத்தில் சேர வருகிறவனைச் சோதித்து வதைக்கும் ஹேசிங்கில் அவன் தானே கையை நீட்டுகிறான். அது உள்ளே நுழையக் கட்டணம். அதனால் வீட்டுக்குச் சொல்ல மாட்டான், வார்டனிடமும் சொல்ல மாட்டான்.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை கிளையில் 2017 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். காகிதத்தில் அது மதுவே இல்லாத வீடு. பொறுப்பாளர் ஒருவர் அங்கேயே குடியிருந்தார். சுவரெல்லாம் கண்காணிப்புக் கேமரா. அன்றிரவு புதியவர்களை வரிசையாக நிறுத்திக் குடிக்கவைத்தார்கள். 19 வயது மாணவர் ஒருவர் நிலவறைப் படிக்கட்டில் தலைகுப்புற விழுந்தார். தூக்கிவந்து சோபாவில் போட்டார்கள். மல்லாந்து வாந்தி எடுத்தால் மூச்சடைக்குமே என்று புத்தகம் நிரப்பிய பையை அவர் முதுகில் மாட்டிவிட்டார்கள். ஆபத்து என்று தெரிந்திருக்கிறது, ஆம்புலன்ஸை மட்டும் அழைக்கவில்லை. அழைக்கச் சொன்ன புதியவர் ஒருவர், தன்னைச் சுவரோடு தள்ளிவிட்டதாகப் பின்னர் சொன்னார். அழைப்பு போனபோது ஏறக்குறைய 12 மணி நேரம் கடந்திருந்தது. படிக்கட்டில் விழுந்தவர் மறுநாள் இறந்தார். பென்சில்வேனியா 2018-ல் கடும் ஹேசிங்கைப் பெருங்குற்றமாக்கிச் சட்டம் போட்டது.

அந்த வீட்டில் இருந்தவர்கள் ரவுடிகள் அல்ல, நல்ல மதிப்பெண்ணோடு வந்த பிள்ளைகள். கிளைக்குக் கெட்ட பெயர் வருமே என்ற பயம் அவர்களைக் கட்டிப்போட்டது என்றே நான் நினைக்கிறேன்.

நம்பிக்கை: நம் ஆட்கள் சங்கம் என்றால் பயமில்லை

தெற்காசிய மாணவர்களுக்கென்று தொடங்கிய சங்கங்களும் இருக்கின்றன. சிக்மா பீட்டா ரோ 1996-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும், டெல்டா எப்சிலான் சை 1998-ல் ஆஸ்டினிலும் தொடங்கின. பொங்கலும் தீபாவளியும் தெரிந்த பையன்களோடு சேர்ந்திருப்பது ஆறுதல்தான். ஆனால் பாதுகாப்புக்கு இனம் உத்தரவாதம் தராது. பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்கச் சங்கத்தில் 2013 டிசம்பரில் ஒரு புதிய மாணவரின் கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையை முதுகில் ஏற்றி, மாறி மாறித் தள்ளி வீழ்த்தினார்கள். அவரும் பிழைக்கவில்லை. அந்தச் சங்கத்துக்குப் பென்சில்வேனியாவில் 10 ஆண்டு தடை விழுந்தது. ஹேசிங் இந்தச் சங்கங்களுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. 2011-ல் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இறந்தவர் அணிவகுப்பு இசைக்குழு மாணவர்.

நம்பிக்கை: ஏதாவது நடந்தால் தலைமையகம் பார்த்துக்கொள்ளும்

பெரும்பாலும் நடப்பது வேறு. தலைமையகத்தின் காப்பீடு அதன் விதிகளை மதித்தவர்களுக்குத்தான். 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மது ஊற்றியவுடன் விதி மீறப்பட்டுவிடுகிறது. வழக்கு வந்தால் மாணவரும், சில நேரம் பெற்றோரின் வீட்டுக் காப்பீடும்தான் முன்னே நிற்க வேண்டியிருக்கும். மாணவர் விசாவில் இருப்பவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால் விசாவே ரத்தாகலாம்.

ஆகவே சங்கத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், கிளையைப் பாருங்கள். ஒரே பெயர் ஒரு ஊரில் ரத்த தான முகாம் நடத்தும், இன்னொரு ஊரில் போலீஸ் படியேறும். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, எந்த மாணவர் அமைப்பு ஹேசிங் செய்து பிடிபட்டது என்ற அறிக்கையைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள். பிறகு கிளையில் உள்ள மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் உங்கள் பிள்ளை நேராகக் கேட்கட்டும்: புதியவர்களுக்கு எத்தனை வாரம் பயிற்சி, அதில் என்ன செய்யச் சொல்வீர்கள், நடுவில் விலகினால் என்ன ஆகும்? “அது ரகசியம்” என்று பதில் வந்தால் அந்தக் கிளை வேண்டாம்.