சேமக்கலமும் காற்றுத் துளையும்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் பேட்டரியை மரப்பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் பரவிய வழக்கம். குழந்தைகள் தொடக் கூடாது என்பது நியாயமே. ஆனால், பெட்டியில் ஒரு துளைகூட இல்லை!

காரீய-அமிலச் சேமக்கலம் மின்னேற்றம் முடியும் தறுவாயில் நீரைப் பகுத்து ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். ஒரு பொறி போதும். “பொகையே வரலையேய்யா” என்றார் பள்ளிக்கூடம் போகாத என் தந்தை. நிறமும் மணமும் அற்ற வாயுவைப் பற்றி வேறெப்படிக் கேட்பார்?

ஹைட்ரஜன் காற்றினும் இலேசானது. மேலே போய்த் தங்கும். ஆகவே பெட்டியின் உச்சியில் துளைகள் வேண்டும். புதுக்காற்று புக அடியிலும் வேண்டும். சுவிட்சும் ரிலேயும் பொறி விடக்கூடியவை. ஆதலால் இன்வெர்ட்டரை அதே பெட்டியில் பேட்டரிக்கு மேலே வைக்கலாகாது. இணைப்பைக் கழற்றுமுன் மின்னேற்றத்தை நிறுத்தி, பெட்டியைச் சற்று நேரம் திறந்து வைத்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.