மருந்தா, மற்றொரு போதையா?

ஹெராயின் பழக்கத்திற்கு ஆளான ஒருவருக்கு அரசாங்க மருந்தகத்தில் நாள்தோறும் மெதடோன் கொடுக்கின்றனர். வீட்டார் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கின்றனர். பின்னர், "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்துக்கொண்டாயே, இதை எப்போது விடப் போகிறாய்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். சிம்பாங் அம்பாட் போன்ற, தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் இக்கேள்வி புதியதன்று. அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும் அதற்கு அஞ்சி மருந்தை இடையில் நிறுத்தியவர் உயிரிழக்கவும் கூடும். ஆதலால், ஆராய்ச்சியாளர்கள் இது குறித்துக் கண்டறிந்தவற்றை நம் மக்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

அபின், மார்பின், ஹெராயின் ஆகியவை ஓரினத்தைச் சேர்ந்தவை. நம் மூளையில் இவ்வினப் பொருள்கள் பொருந்தக்கூடிய இடங்கள் உள்ளன. அவற்றைப் பூட்டு என்று கொண்டால், ஹெராயின் அதைச் சட்டெனத் திறக்கும் சாவி. சில மணி நேரத்தில் அதன் வேகம் தணிந்துவிடும். பழகிப்போன உடல் அப்போது நடுங்கும், வியர்க்கும், வயிறு கலங்கும், உறக்கம் வாராது. பேச்சு வழக்கில் 'கியான்' என்பது இதுவே. மெதடோனும் அதே பூட்டில் பொருந்துவதுதான். ஆனால் அது மெதுவாகச் செயல்பட்டு, ஏறத்தாழ ஒரு நாள் நிலைத்து நிற்கிறது. சரியான அளவில் குடிப்பவர் மயங்குவதில்லை, நடுங்குவதுமில்லை. வேலைக்குச் செல்ல இயலும். 1960களின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரில் டோல், நைஸ்வாண்டர் எனும் இரு மருத்துவர்கள் தொடங்கிய இம்முறை, மலேசியாவில் 2005ஆம் ஆண்டு அரசாங்கத் திட்டமாக நடைமுறைக்கு வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் மெதடோனையும் புப்ரெனோர்பினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மருந்து உண்மையிலேயே பயன் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவர் மஹ்மூட் மஸ்லான், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாட்டன்ஃபெல்ட், சவார்ஸ்கி ஆகியோர் அதனை நடத்தினர். ஹெராயினிலிருந்து விடுவிக்கப்பட்ட 126 பேர் மூன்று பிரிவினராயினர். 44 பேருக்குப் புப்ரெனோர்பின். 43 பேருக்கு, பூட்டை அடைத்துப் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன். 39 பேருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரை. யாருக்கு எது கிடைத்தது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. மூன்று பிரிவினருக்கும் ஆலோசனை ஒன்றுபோலவே வழங்கப்பட்டது. புப்ரெனோர்பின் பெற்றோரே நெடுநாள் ஹெராயினைத் தொடாதிருந்தனர். அதன் மேன்மை இடைக்காலக் கணக்கெடுப்பிலேயே தெளிவாகிவிட்டதால், ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2008இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. ஆலோசனையும் மனவுறுதியும் மட்டும் போதும் என்பார்க்கு, அந்த 39 பேரின் நிலையே விடை.

எனினும் எம்மருந்தும் குறையற்றதன்று. புப்ரெனோர்பின் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவோர் இந்நாட்டில் இருந்தனர். அதனாலேயே பின்னர் நாலோக்சோன் கலந்த மாத்திரை கொண்டுவரப்பட்டது.

இனி, நம் வட்டாரத்திற்கு வருவோம். பத்து காவானில் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தைக் கடந்து தீவுக்குச் சென்றால், மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் போதைப்பொருள் ஆய்வு மையத்தில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் இத்துறையில் ஆய்வு செய்கின்றனர். முனைவர் பட்டம் என்றவுடன் நூலகமும் தடித்த ஏடுகளுமே நினைவுக்கு வரும். இத்துறையிலோ, ஆய்வாளர் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று, பழக்கமுள்ளவரிடம் அமர்ந்து பேச வேண்டியிருக்கும். முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. பிறகு பங்கேற்பவரின் சம்மதம். பெயர் வெளிவாராது என்ற உறுதி. சொல்வதைச் சரிபார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு.

இம்மையத்தின் விக்னசிங்கமும் உடன் ஆய்வாளர்களும் வட மாநிலங்களில் கெத்தும் இலைச் சாறு குடிக்கும் 136 பேரைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வு நம் கவனத்திற்குரியது. கெத்தும், அபினுக்கு மாற்றாகப் பயன்பட்டதை 1907ஆம் ஆண்டிலேயே ரே என்பவர் இந்நாட்டில் எழுதி வைத்துள்ளார். அந்த 136 பேரில் பெரும்பாலோர் முன்னர் வேறு போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்களே. விலை மலிவு, எளிதில் கிடைக்கிறது என்பதோடு மற்றொரு காரணமும் வெளிப்பட்டது: வீட்டிலேயே தாமாக மருத்துவம் செய்துகொண்டால் 'போதைப்பித்தன்' என்ற பெயர் வாராது. மருந்தகத்தின் வாயிலில் நிற்க வெட்கப்பட்டே சிலர் இலையைக் காய்ச்சுகின்றனர் என்பது இதன் பொருள்.

அவ்விலை விடுதலை தந்ததா? தர்ஷன் சிங், முல்லர், விக்னசிங்கம் ஆகியோர் 293 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரை, தொடர்ந்து குடிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் கடுமையாக அடிமைப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. அதன் வலி நீக்கும் ஆற்றலை இம்மையத்தார் 26 ஆண்களிடம் சோதித்து, உண்மை உண்டு என 2020இல் எழுதினர். மருந்தாகும் தன்மை இருக்கலாம். ஆனால் அளவு தெரியாத கசப்புச் சாறு மருந்தாகாது. மேலும், 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் கெத்துமைக் கட்டுப்படுத்துகிறது.

மீண்டும் வீட்டாரின் கேள்விக்கு வருவோம். 'எப்போது விடப் போகிறாய்' என்பதற்கு மருத்துவரே விடை கூற வேண்டும். சிலருக்கு ஈராண்டு, சிலருக்கு அதற்கும் நெடுங்காலம். நீரிழிவுக்கு மாத்திரை உண்பவரை நாம் அவ்வாறு கேட்பதில்லை. மெதடோனை நிறுத்திய முதல் நான்கு வாரங்களில் இறப்பு அதிகமாவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. இடைவெளியில் உடலின் தாங்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. அறியாமல் பழைய அளவில் ஹெராயினை ஏற்றியவரின் மூச்சு நின்றுவிடுகிறது. விட விரும்பினால், மருத்துவர் மேற்பார்வையில் பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

சம்சு, கள், தூக்க மாத்திரை ஆகியவற்றுடன் மெதடோனைச் சேர்த்தல் ஆகாது, மூச்சை அடக்கிவிடும். வீட்டிற்குக் கொடுத்தனுப்பும் மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். குழந்தை ஒரு வாய் குடித்தாலும் ஆபத்து. தொடர்ந்து மூன்று நாள் மருந்து தவறிவிட்டால், அதனை மறைத்துப் பழைய அளவையே வாங்கிக் குடிக்காமல், மருந்தகத்தில் உள்ளபடி கூறிவிட வேண்டும். அவர்கள் அளவைக் குறைத்து மறுபடியும் தொடங்குவர்.