மயில்துத்தம் போட்ட கடல்மீன் தொட்டியைச் சீராக்குவது எப்படி?



கடலோர ஊர்களில் இருக்கும் மகளிர் குழுக்களுக்கு ஏற்ற தொழில்களில் கோமாளி மீன் வளர்ப்பும் ஒன்று. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் இந்த மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. குஞ்சை வாங்கி, சில மாதம் வளர்த்து விற்றால் வருமானம் உண்டு. ஆனால் வெள்ளைப்புள்ளி நோய் ஒரு தொட்டிக்குள் வந்துவிட்டால், கடன் வாங்கிப் போட்ட முதல் சில நாளில் போய்விடும்.

இந்த நோய்க்குப் பழகிய மருந்து செம்பு. நம் பேச்சில் சொன்னால் மயில்துத்தம். மருந்து போட்டாச்சு, மீனும் பிழைச்சாச்சு. அதோடு வேலை முடிந்ததா? இல்லை. தொட்டியிலிருந்து செம்பை வெளியேற்றுவதுதான் அடுத்த வேலை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

செம்பு என்ன செய்கிறது?

வெள்ளைப்புள்ளி நோயைத் தருவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள் கொஞ்ச நாள் இருக்கும். பிறகு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிப் பெருகும். அதன் குஞ்சுகள் நீந்தி வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். செம்பு கொல்வது இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. "புள்ளி மறைஞ்சிடுச்சு, போதும்" என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வருவது இதனால்தான். குறைந்தது 2 முதல் 3 வாரம் செம்பு ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அளவு மிகச் சிறியது. 1 லிட்டர் தண்ணீருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு. 500 லிட்டர் தொட்டிக்கு 0.20 வேண்டுமானால் மொத்தம் 100 மில்லிகிராம் செம்பு. மயில்துத்தத்தில் கால் பங்குதான் செம்பு. ஆகவே சுமார் 400 மில்லிகிராம், அதாவது அரை கிராமுக்கும் குறைவு. இங்கே கைப்பிடி, சிட்டிகை, கண்ணளவு எதுவும் உதவாது. தராசும் செம்பு சோதிக்கும் டெஸ்ட் கிட்டும் கட்டாயம் வேண்டும்.

இந்தச் சிறிய அளவே இறால், நத்தை, நட்சத்திர மீன், கடல் சாமந்தி ஆகியவற்றைக் கொன்றுவிடும். பில்டரில் இருந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாக்களும் பலவீனப்படும்.

செம்பு எங்கே ஒளிந்துகொள்கிறது?

"தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கே, இன்னும் என்ன?" என்று கேட்கத் தோன்றும். செம்பு தண்ணீரில் மட்டும் இருப்பதில்லை. சிப்பி ஓடு, சுண்ணாம்புக் கல், மணல் இவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைகிறதே என்று நாம் மறுபடி மருந்து போடுவோம். அதுவும் கல்லில் சேரும். பிறகு தீனி மிஞ்சி அழுகி, தண்ணீரின் காரத்தன்மை குறையும்போது கல்லில் சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குத் திரும்பும். மாதங்கள் கழித்து விட்ட இறால் காரணம் தெரியாமல் சாவது இப்படித்தான்.

சீராக்கும் முறை

1. மருந்து நாள் முடிந்தபின் தண்ணீர் மாற்றுங்கள். ஒரே நாளில் முழுவதும் மாற்றினால் மீன் தாங்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு போதும். புதுத் தண்ணீரின் உப்பளவும் சூடும் தொட்டித் தண்ணீருக்குச் சமமாக இருக்கட்டும். கணக்கைப் பாருங்கள்:
தொடக்கத்தில் 0.20
முதல் மாற்றம் 0.15
இரண்டாவது 0.11
மூன்றாவது 0.08
நான்காவது 0.06
நான்கு முறை மாற்றியும் சுழிக்கு வரவில்லை. தண்ணீர் மாற்றுவது மட்டும் போதாது என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது.

2. ஆக்டிவேட்டட் கார்பன் கரியைத் துணிப்பையில் கட்டி, தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். மருந்து கொடுத்த நாட்களில் மருந்தை இழுத்துவிடும் என்று இதை எடுத்து வைத்திருப்போம். இப்போது அந்த இழுப்புதான் வேண்டும். வாரம் ஒருமுறை புதுக்கரி மாற்றுங்கள். அடுப்புக்கரி இதற்கு ஆகாது.

3. சிப்பி ஓட்டையும் மணலையும் வெளியே எடுத்துவிடுங்கள். கழுவினால் போகாது. இறால், சாமந்தி வைக்கும் தொட்டியில் அவற்றை மறுபடி போடவே வேண்டாம். பதிலாகப் பிளாஸ்டிக் பில்டர் உருண்டை அல்லது பிவிசி குழாய்த் துண்டு போடலாம். கரையில் பவளக்கல் பொறுக்கிப் போடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, எடுப்பது குற்றம்.

4. அம்மோனியாவைக் கவனியுங்கள். நல்ல பாக்டீரியா குறைந்திருப்பதால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறும். மீன் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே சோதியுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள், ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும். நோயே வராத தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றை வைத்தால் பாக்டீரியா சீக்கிரம் பெருகும். இல்லாவிட்டால் முழுதாகத் தேற 3 முதல் 6 வாரம் ஆகும்.

5. டெஸ்ட் கிட் சுழி காட்டினால் அன்றே முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் சுழி என்றால் நத்தைச் சோதனை செய்யலாம். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் சுத்தமான கடல் தண்ணீர், இரண்டிலும் கடல் நத்தை மூன்று. இரண்டு நாள் பாருங்கள். தொட்டித் தண்ணீரில் மட்டும் நத்தை பிடி விட்டு விழுந்தால் செம்பு இன்னும் இருக்கிறது.

6. வெளியேற்றும் தண்ணீரைக் கிணற்றடியிலோ ஊருணியிலோ வயலிலோ விடாதீர்கள். உப்பே நிலத்தைக் கெடுக்கும், செம்பு சேர்ந்தால் நத்தையும் புழுவும் சாகும். தனித் தொட்டியில் கரி போட்டு வைத்திருந்து, செம்பு இறங்கியதைச் சோதித்த பிறகே அப்புறப்படுத்துங்கள். பயன்படுத்திய கரியையும் ஓட்டையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஒதுக்குங்கள்.

அடுத்த முறை

கோமாளி மீன் மட்டும் வளர்க்கிற தொட்டி என்றால் மிச்சச் செம்பு கொஞ்சம் இருந்தாலும் மீன் தாங்கும். இறால் வளர்ப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. லட்சத்தீவின் அகத்தி தீவில் பயிற்சி பெற்ற பெண்கள் அலங்கார இறால் வளர்க்கிறார்கள். அவர்கள் தொட்டியில் ஒரு துளி செம்பும் ஆகாது. குஞ்சுக்குத் தீனியாகும் ரோட்டிபர் நுண்ணுயிரும் செம்பில் சாகும்.

அதனால் சிகிச்சைக்கென்று ஒரு தனித் தொட்டி வையுங்கள். அதில் கல்லும் மணலும் வேண்டாம், மீன் ஒளிய பிவிசி குழாய் போதும். அதன் வலை, வாளி, குழாய்க்குச் சிவப்பு பெயின்ட் அடையாளம் வையுங்கள். நோய் கண்ட மீன்களோடு, அந்தத் தொட்டியில் இருந்த எல்லா மீனையும் அங்கே மாற்றுங்கள். பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விட்டால், மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி தானே அழியும். மருந்தே போடாமல் பெரிய தொட்டி தப்பிக்கும். புதிதாக வாங்கிய மீனையும் முதலில் தனித் தொட்டியிலேயே வைத்துப் பாருங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் தொட்டிக்கு எத்தனை லிட்டர்? அதற்கு எவ்வளவு மயில்துத்தம் என்று எல்லோருக்கும் கணக்குத் தெரியுமா?
* மருந்து போட்ட தேதி, அளவு, சோதனை முடிவு எழுத ஒரு நோட்டு இருக்கிறதா? யார் எழுதுவது?
* டெஸ்ட் கிட்டும் தனித் தொட்டியும் வாங்கக் குழு நிதியிலிருந்து எவ்வளவு ஒதுக்கலாம்?