கைபேசி காட்டும் முகம்

2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கில் இணையவழி வகுப்பாகச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வீடுகளுக்குள் பரவிய காணொளி அழைப்பு, வடமாநிலச் சாலைகளில் வாரக்கணக்கில் தங்கும் லாரி ஓட்டுநர்களும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளர்களும் குடும்பத்தாரின் முகம் பார்க்கும் வழியாக இன்றும் நிலைத்திருக்கிறது. பிறரிடம் பேசிக்கொண்டே தன் முகத்தையும் இடைவிடாது பார்த்திருக்கும் நிலை, நேர்ப்பேச்சில் இல்லாதது. அதிலிருந்தே சில தவறான நம்பிக்கைகள் பிறந்துள்ளன.

நம்பிக்கை: கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும்.

உண்மை: காட்டாது. கைபேசியை முகத்தருகே பிடிக்கும்போது காதைவிட மூக்கு அதற்கு மிக நெருங்கியிருப்பதால், அருகிலுள்ளது பெரிதாகத் தெரியும் அண்மைத் திரிபு ஏற்படுகிறது. 5 அடி தொலைவில் எடுத்த படத்தைவிட 1 அடி தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். நிறமும் இவ்வாறே மாறுகிறது: காட்சி முழுவதன் வெளிச்சத்தையும் சராசரியாக எடுத்துக்கொண்டு ஒளியளவைக் கேமரா தானாகக் குறைப்பதால், வெயிலேறிய சன்னலுக்கு முன் அமர்ந்தவரின் முகம் கறுத்துப்போகிறது. காணொளியிலேயே பெண் பார்க்கும் வீடுகளில் இந்தக் கறுப்பை ஒரு பெண்ணின் குறையாகப் பேசுவது, அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும்.

நம்பிக்கை: பதிவில் முகம் கோணலாகத் தெரிவதால், அது உண்மையிலேயே கோணல்தான்.

உண்மை: வாழ்நாள் முழுதும் கண்ணாடியில் இடவலம் மாறிய தன் உருவத்தையே கண்டு பழகியவருக்கு, பதிவு காட்டும் மாறாத உருவம் அந்நியமாகப் படுகிறது. ஒருவர் தம் கண்ணாடி உருவத்தையும், அவருடைய நண்பர்கள் அவரது இயல்பான உருவத்தையும் விரும்புவதை 1977ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

நம்பிக்கை: தோற்றத்தை எண்ணி வருந்துவது வெறும் மினுக்கல் ஆசை.

உண்மை: மூன்றில் மிகவும் தீங்கானது இதுவே. இல்லாத அல்லது மிகச் சிறிய குறையை எண்ணி நாளின் பல மணிநேரத்தை இழக்கும் 'உடல்தோற்றச் சிதைவுக் கோளாறு' என்னும் மனநோயை, கைபேசிக்கு வெகுகாலம் முன்பே, 1891இல் இத்தாலிய மருத்துவர் மொர்செல்லி விவரித்தார். அழைப்பின்போது தோன்றும் சிறு சங்கடம் அந்நோய் அன்று. சூம், கூகுள் மீட் செயலிகளில் தன் உருவத்தைத் தானே காணாதவாறு மறைத்துக்கொள்வதே பலருக்கு இந்தச் சங்கடத்தைத் தணித்துவிடும். ஆனால் முகத்தை எண்ணி வகுப்பையும் உறவுகளையும் தவிர்க்கத் தொடங்கிய பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.